ஒத்திகை மேடம்

உதவித்தொகை ஆபீசிலிருந்து போனுக்கு வந்த செய்தியைப் லிஃப்ட்காரர் பயந்துபோய் இரண்டு தடவை படித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ரிவ்யூவுக்கு நேரில் வரவேண்டும், வராவிட்டால் தொகை நிறுத்தப்படும் என்று இரண்டே வரி. ரிவ்யூ தெரியாத புண்ணியவான்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உடம்பு முடியாமல் வீட்டில் கிடக்கிறவனை வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு உட்கார வைத்து, இன்னுமா உனக்கு முடியவில்லை என்று மரியாதையாகக் கேட்பார்கள். அதுதான் ரிவ்யூ. இவருக்கு இந்த வருஷத்து ரிவ்யூ ஏற்கெனவே முடிந்துவிட்டது. அப்படியிருக்க மறுபடி எதற்குக் கூப்பிடுகிறார்கள்? யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று மனுஷன் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டார்.

சும்மா பயப்படுகிற ஆள் இல்லை அவர். பாதி ஆயுசை லிஃப்ட் மெக்கானிக்காக இருட்டுக் குழிகளில் கழித்தவர். ஒரு நாள் ஏணி வழுக்கிக் குழிக்குள் விழுந்ததில் வலது தோளும் இடுப்பும் போயிற்று. கம்பெனிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடைப் பழம் அனுப்பினார்கள், அத்தோடு சரி. அன்றிலிருந்து இந்தத் தொகைதான். மூன்றாம் மாடியில் அக்காவின் வீட்டில் இருந்தார். அக்கா, சலவைக்கூடத்தில் ஓட்டல்காரர்களின் படுக்கை விரிப்புக்கெல்லாம் இஸ்திரி போடுகிறவள். வாடகையில் தன் பங்கும் இருக்கிறது என்கிற ஒரே தைரியத்தில்தான் அவர் அந்த வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். தொகை நின்றால் அக்கா ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை நினைத்தால்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

போட்டுக் கொடுக்க அவரிடம் என்ன இருந்தது? ஒன்றே ஒன்று இருந்தது. போன மாசம் அவர்கள் கட்டிடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே ஐந்தாம் மாடிப் பெண், நிறைமாசம். கம்பெனிக்குப் போன் போட்டால், ஆள் வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்று அரைமணி நேரமாக அதையே சொன்னார்கள். உள்ளேயிருந்து அந்தப் பெண் கதவைத் தட்டுகிற சத்தம் மெல்ல மெல்ல நின்றுவிட்டது. அவ்வளவுதான், இவருக்குத் தோளும் நினைவில்லை, இடுப்பும் நினைவில்லை. மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஏறிப்போய், மெயின் சுவிட்சை அணைத்து, அந்தப் பெண்ணின் புருஷனைப் பிரேக் நெம்புகோலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தான் கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை மாடிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். பெண் பிழைத்தது, குழந்தையும் பிழைத்தது. இவர் மறுநாளிலிருந்து ஒரு வாரம் கையைத் தூக்க முடியாமல் கிடந்தார். தலை வாரிவிட்டதுகூட அக்காதான். திட்டிக்கொண்டேதான் வாரினாள், அது வேறு விஷயம்.

இந்தக் கதையை வெளியாள் ஒருத்தரிடம்தான் அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்த ஒருத்தர் மேடம்.

மேடத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் குழுவைப் பற்றிச் சொல்லவேண்டும். 'கூடவே இருக்கோம்' என்று அதற்குப் பேர். போனிலேயே பிறந்து போனிலேயே வளர்ந்த குழு. உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர்கள் அதில் ஒருத்தருக்கொருத்தர் யோசனை சொல்வார்கள், அழுவார்கள், ஆபீசைக் கரித்துக் கொட்டுவார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது கிடையாது. சொந்தப் பேரை யாரும் போடுவதில்லை, செய்துவந்த தொழில்தான் பேர். குழுவைத் தொடங்கினவர் கால் விரல்களைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துவிட்ட வாட்ச்மேன். அவருக்கு வலதுகை மாதிரி, கண் மங்கிப்போன தையலம்மா. அந்தம்மாவுக்குப் படிக்க முடியாதென்பதால் எல்லாச் செய்தியையும் போன்தான் வாசித்துக் காட்டும். வாட்ச்மேனின் கெட்ட வார்த்தைகளையும் அந்த யந்திரம் அதே பவ்யமான குரலில் வாசிக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. யார் எப்படி விசாரித்தாலும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லக்கூடாது. முன்னே ஒரு லாரி டிரைவர் ரிவ்யூவுக்குப் போனபோது ஆபீசர் சிரித்த முகமாக, எப்படி இருக்கீங்க என்று கேட்டாராம். இந்த அப்பாவி, வாய்ப்பழக்கத்தில், நல்லா இருக்கேங்க என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். ஆபீசர் அதை அப்படியே எழுதிக்கொண்டுவிட்டார். நல்லா இருப்பவனுக்கு எதற்கு உதவித்தொகை? அன்றையிலிருந்து குழுவில் தப்பித்தவறி அந்த வார்த்தையைச் சொன்னால் தன் சொந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடி அனுப்பவேண்டும். வாட்ச்மேன் பாடினதைக் கேட்டபிறகு எல்லாரும் ஜாக்கிரதையாகிவிட்டார்கள்.

சட்டத்தைக் கொண்டுவந்ததே மேடம்தான். அவர் என்ன தொழில் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. குழுவில் அவருடைய வேலை ஒத்திகை. ரிவ்யூ வருகிறவர்கள் முதல் நாள் அவருக்குப் போன் செய்யவேண்டும், அவர் ஆபீசராக மாறிக் கேள்வி கேட்பார். ஆளே மாறிவிடுவார், குரலில் ஈரம் இருக்காது. எப்படி வந்தீங்க, பஸ்ஸிலா, பஸ்ஸில் எந்தக் கையால் கம்பியைப் பிடிச்சீங்க? டீ சாப்பிடறீங்களா, கோப்பையை இந்தப் பக்கம் வைக்கட்டுமா? இப்படிப் பேச்சோடு பேச்சாகக் கேட்டு ஆளைக் கவிழ்த்துவிட்டு, அப்புறம் தன் சொந்தக் குரலுக்கு வந்து, இதுக்கு ஏன் இப்படிச் சொன்னீங்க, உள்ளதை உள்ளபடி சொல்லலாமே என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். அவரால் எத்தனையோ பேர் தொகை தப்பியது. லிஃப்ட்காரருடையதும் போன ரிவ்யூவில் அப்படித்தான் தப்பியது.

நன்றி என்பது எவ்வளவு லேசாகக் கழன்று விழுகிற சட்டை என்று பாருங்கள். செய்தி வந்த அன்று சாயங்காலமே லிஃப்ட்காரர் வாட்ச்மேனுக்குப் போன் போட்டார். வாட்ச்மேன் காத்திருந்த மாதிரி பிடித்துக்கொண்டார். அவருக்கும் ரொம்ப நாளாக ஒரு நெருடலாம். அந்தம்மா நம்ம எல்லார் கதையையும் கேட்டு வச்சிருக்கு, தன் கதையை ஒரு நாளாவது வாயத் திறந்து சொல்லியிருக்கா? என்ன வியாதி? எந்த ஆபீசுக்குப் போகுது? கேள்வியெல்லாம் இவ்வளவு கச்சிதமா எங்கிருந்து வருது? அவர் கேட்கக் கேட்க லிஃப்ட்காரருக்கு ஒவ்வொன்றும் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது. வாட்ச்மேன் அதே அழைப்பில் சேர்த்துக்கொண்ட தையலம்மா மட்டும், அந்தப் பொண்ணு குரல்ல கள்ளம் இல்லையே என்று இழுத்தார். கண்ணில்லாவிட்டாலும் காது இருக்கிற மனுஷி. ஆனாலும் இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து பேசுகிறபோது எதற்கு வம்பு என்று அடங்கிவிட்டார்.

அப்புறம் அவர்கள் செய்ததை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. மறுநாள் மத்தியானம் லிஃப்ட்காரர் ஒத்திகைக்கென்று சொல்லி மேடத்துக்குப் போன் செய்தார். வாட்ச்மேனும் தையலம்மாவும் அதே அழைப்பில் முன்கூட்டியே சேர்ந்து, சத்தத்தை அடைத்துவிட்டு ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம் போனில் ஆட்கள் எண்ணிக்கை காட்டியிருக்கும்தான். லிஃப்ட்காரர் கூப்பிட்டால் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வதுதான் அவருக்குப் பழக்கம், திரையைப் பார்த்து ஆராய்கிற பழக்கமில்லை.

"இன்னிக்கு நான் கேக்கறேன் மேடம், நீங்க பதில் சொல்லுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

மேடம் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. எங்க குடியிருக்கீங்க, கூட யார் இருக்கா, என்ன வியாதி, யார் சர்டிபிகேட் குடுத்தது என்று வரிசையாகப் போட்டார். மேடத்திடமிருந்து சரியாகப் பதில் வரவில்லை. தனியாத்தான் இருக்கேன் என்றார். வியாதியைப் பற்றி ஆரம்பித்தார், பாதியில் விட்டார். மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. ஆபீசர் கேட்கிற கேள்வியெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இவர் கேட்டபோது, நிறைய தடவை கேட்டிருக்காங்க என்றார். யார் கேட்டா, எங்க கேட்டா என்று இவர் விடவில்லை. கேட்கக் கேட்க இவருக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இத்தனை வருஷமாக மேஜைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்தவருக்கு, அந்தப் பக்கம் உட்கார்ந்தால் சௌகரியமாகத்தான் இருந்தது.

"கடைசியா கேக்கறேன் மேடம். உங்க உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

ரொம்பச் சன்னமாக, "நான் நல்லாத்தான் இருக்கேங்க" என்றார் மேடம்.

அடக்க முடியாமல் வாட்ச்மேன் சத்தத்தைத் திறந்துவிட்டார். நல்லா இருக்கறவங்களுக்கு இங்க என்ன வேலை, எந்த ஆபீஸ் சம்பளம் குடுக்குது உங்களுக்கு என்று கத்தினார். அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினவள் வாயாலேயே அது வந்துவிட்டதே, இதைவிட என்ன சாட்சி வேண்டும் அவருக்கு! பயந்துபோன மனுஷி வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான் என்று, அதே வார்த்தையால் அடிபட்ட இந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"எத்தனை பேர் கேட்டுக்கிட்டிருக்கீங்க?" என்றார் மேடம்.

அழைப்பு நின்றது. அன்றைக்கே வாட்ச்மேன் அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டு, களை எடுத்தாச்சு என்று ஒரு செய்தியும் போட்டார்.

திங்கட்கிழமை காலை மேடத்திடமிருந்து லிஃப்ட்காரருக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. திட்டியிருப்பார் என்று நினைத்துத்தான் திறந்தார். திட்டு இல்லை. 'லிஃப்ட் விஷயத்தை அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் எப்படிக் கிடந்தீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. மறைக்காதீங்க.' அவ்வளவுதான் இருந்தது.

என்ன சாமர்த்தியம் பார், என் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தார் லிஃப்ட்காரர். அவளிடம் ஆதாரம் இல்லை, வெறும் கேள்விப்பட்டதுதான், அதனால்தான் தூண்டில் போடுகிறாள். அக்காவிடம் காட்டினார். அவள் ஈரத்துணியால் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே படித்துவிட்டு, நியாயமாத்தானே சொல்லியிருக்கு, இதுல என்னடா தப்பு என்றாள். உனக்கு இந்த அரசியலெல்லாம் புரியாது என்று போனைப் பிடுங்கிக்கொண்டார். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேடையைத் துடைக்கப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆபீசர் ஒரு சின்ன வயசுக்காரராக இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டது அவர்தான், சாய்வதற்கு ஒரு தலையணைகூடக் கொடுத்தார். அந்த மரியாதையைப் பார்த்ததும் லிஃப்ட்காரர் இன்னும் உஷாரானார். எப்படி இருக்கீங்க என்றதற்கு ரொம்ப வலிங்க என்று சரியாகச் சொன்னார். டீ வேண்டாம் என்றார். எல்லாம் ஒத்திகைப்படி போய்க்கொண்டிருந்தது. பிறகு ஆபீசர், விபத்துக்கப்புறம் எப்பவாவது லிஃப்ட் வேலை ஏதாவது பார்த்தீங்களா, சின்ன வேலையா இருந்தாலும் சொல்லலாம் என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

லிஃப்ட்காரருக்கு வாய் வரைக்கும் வந்தது. மேடத்தின் செய்தி ஞாபகத்துக்கு வந்தது. அது ஞாபகத்துக்கு வந்த உடனேயே வாய் மூடிக்கொண்டது. "லிஃப்ட் பக்கமே போனதில்லைங்க" என்றார்.

ஆபீசர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். திரையில் மெஷின் ரூம், அதில் லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். கீழே, எங்கள் குழந்தையைக் காப்பாற்றிய மூன்றாம் மாடி அண்ணனுக்குக் கோடி நன்றி என்று எழுதி நிறைய பூக்கள் போட்டிருந்தது. யாரும் வந்து சொல்லவில்லை, எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் கிடக்கிறது, எங்கள் ஆளும் பார்த்தார் என்றார் ஆபீசர். அவர் குரலில் வருத்தம் இருந்தது, அது நிஜ வருத்தமாகவே இருந்தது. அவசரத்துக்கு ஒரு உயிரைக் காப்பாற்றினதாக எழுதிக்கொண்டு விட்டிருக்கலாமாம். இல்லை என்று சொன்னதால், இனி மறைத்ததாகத்தான் எழுத முடியுமாம். தொகை இந்த மாசத்தோடு நிற்கும். வேண்டுமானால் மேல்முறையீடு செய்யலாம், மறுபடி நேரில் வந்து பதில் சொல்லவேண்டியிருக்கும் என்று சொல்லி, எழுந்திருக்கக் கையும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார். அந்த வீடியோவா, அதை எங்க சலவைக்கூடத்துல எல்லாரும் பாத்தாங்களே, நான்கூட ரெண்டு தடவை போட்டுக் காட்டினேனே, உனக்குத் தெரியாதா என்றாள் அக்கா. சொல்லி முடித்தபிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாம் மாடிக்காரன், நெம்புகோலை ஒரு கையில் பிடித்துக்கொண்டே இன்னொரு கையில் போனைப் பிடித்திருந்திருக்கிறான், படுபாவி. நன்றி சொல்லத்தான் செய்தான். அவனை என்ன சொல்லித் திட்டுவது?

லிஃப்ட்காரர் குழுவில் நடந்ததை ஒளிக்காமல் போட்டார். மேடம் பேரில் ஒரு தப்பும் இல்லை, நான்தான் பாவி, அவங்களைத் திரும்பச் சேர்த்துக்கங்க என்று எழுதினார். வாட்ச்மேன் ரொம்ப நேரம் எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். கடைசியில், அந்த வீடியோ அங்க கிடக்குன்னு ஆபீசுக்குச் சொன்னதே அந்தம்மாவா இருந்தா என்ன பண்ணுவீங்க என்று வந்தது. கூடவே, நீங்க ஏன் திடீர்னு அவங்களுக்குப் பரிஞ்சு பேசறீங்க என்றும் வந்தது. தையலம்மா மட்டும், பாவம் அந்தப் பொண்ணு என்று குரலில் பேசி அனுப்பியிருந்தார்.

இனிமேல் மேல்முறையீட்டுக்குப் பதில் சொல்லப் பழகணும் என்றால் அதற்கு உலகத்திலேயே ஒரு ஆள்தான் உண்டு. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்கிற தவிப்போடு இந்தச் சுயநலமும் கலந்துதான் அவர் அன்று மேடத்தின் எண்ணைத் தட்டினார். எடுக்கமாட்டார் என்றே நினைத்தார். எடுத்துவிட்டார்.

லிஃப்ட்காரர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். தொகை நின்றது, வீடியோ, தன் புத்தி கெட்டது எல்லாம். உங்க பேச்சைக் கேட்டிருந்தா தப்பிச்சிருப்பேன் மேடம் என்று சொல்லும்போது அழுதேவிட்டார். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்தபிறகு, மேல்முறையீடு போட்டுடுங்க, தள்ளிப் போடாதீங்க என்றார். அப்புறம், கேட்காமலே, தனக்கும் நேற்று ரிவ்யூ இருந்தது என்றார்.

இவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேடத்துக்கும் ரிவ்யூ வரும் என்பதையே அந்தக் குழுவில் ஒருத்தரும் நினைத்துப் பார்த்ததில்லை.

"என்ன ஆச்சு மேடம்?"

"நின்னுபோச்சு. அவங்க என்ன கேக்கப் போறாங்கன்னு ஒவ்வொண்ணும் எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது. எனக்குக் கேள்வி மட்டும்தாங்க தெரியும். பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என்னை யாரும் ஒத்திகை கேட்டதில்லை." என்றார் மேடம். "ஒரே ஒரு தடவை நீங்க கேட்டீங்க."

உள்ளே அக்கா மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் எழுந்து கதவைச் சாத்தினார். அப்பீல்ல ரெண்டு பேரும் சேர்ந்தே நிக்கலாம் மேடம், இப்பவே ஆரம்பிக்கலாம், நான் கேக்கறேன், நீங்க எவ்வளவு நேரம் வேணா எடுத்துக்கிட்டுச் சொல்லுங்க, தப்பாச் சொன்னாலும் பரவாயில்லை என்றார். தன் ஆயுசில் இவ்வளவு மெதுவாக அவர் யாரிடமும் பேசினதில்லை. "சொல்லுங்க மேடம். உங்களுக்கு உடம்புக்கு என்ன?"

மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது. சொல்ல வாயெடுக்கிற மாதிரி இரண்டு தடவை கேட்டது.

"லிஃப்ட்காரரே," என்றார் மேடம், "உங்க கூட வேற யாராவது கேட்டுக்கிட்டிருக்காங்களா?"

இல்லை மேடம், சத்தியமா நான் மட்டும்தான் என்றார் அவர். உண்மையைத்தான் சொன்னார். சாத்தின கதவு, காலியான அறை, கையில் போன், வேறு ஒன்றும் இல்லை. அதை எப்படி நம்பவைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அந்தப் பக்கம் மேடம் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்க்கிற சலசலப்புக் கேட்டது.